பக்கத்துல இருக்கிறது யாரு? ஸ்விட்ச் சொல்ற பதிலை எப்ப நம்பலாம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட் டிஎன்எஸ் பத்திப் போட்டதும் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். "ப்ரோ, எப்பப் பாரு கிளவுட், கன்டெய்னர்னு மேலயே பேசறீங்க. கீழ ராக்ல ஒரு ஸ்விட்ச் இருக்கு, அதுல ஒரு கேபிள் சொருகியிருக்கு, அந்தக் கேபிளோட மறுமுனை எங்க போகுதுன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. அதைப் பத்திப் பேசுங்க"ன்னு. படிச்சதும் சிரிச்சிட்டேன். ஆனா நியாயமான கேள்வி.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஸ்விட்ச் கான்ஃபிகர் பண்றது என் தினசரி வேலை இல்ல. ஆனா என் ரூம்மேட் நெட்வொர்க் இன்ஜினியர். அவன்கூட சேர்ந்து, ஸ்விட்சுகள்ல இருந்து தகவல் எடுத்து டோபாலஜி மேப் வரையற ஒரு ஸ்கிரிப்ட் ஒரு வருஷமா எழுதிட்டு இருக்கேன். அதுல கத்துக்கிட்டதுதான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

கேபிளோட மறுமுனையில யார்னு ஸ்விட்சே சொல்றதுக்கு ரெண்டு புரோட்டோகால் இருக்கு. ஒண்ணு சிடிபி. சிஸ்கோ 1994-ல கொண்டு வந்தது, அவங்க சொந்தச் சரக்கு. இன்னொண்ணு எல்எல்டிபி. ஐட்ரிப்பிள்ஈ 802.1ஏபி-ங்கிற பேர்ல 2005-ல வந்த பொது ஸ்டாண்டர்ட், எந்தக் கம்பெனி பெட்டியும் பேசலாம். ரெண்டோட வேலையும் ஒண்ணுதான். ஒவ்வொரு போர்ட்லயும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன ஃப்ரேம் அனுப்பும். "நான் இன்னார், இந்தப் போர்ட்ல இருந்து பேசறேன், நான் சொன்னதை இவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சுக்கோ." அவ்வளவுதான். எல்எல்டிபி வழக்கமா 30 நொடிக்கு ஒரு தடவை, ஞாபகம் 120 நொடி. சிடிபி 60 நொடிக்கு ஒரு தடவை, ஞாபகம் 180 நொடி.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். முதல்ல, இது கேள்வி-பதில் கிடையாது. "கேட்டுச்சா?"ன்னு யாரும் கேக்கறதில்ல, "கேட்டுச்சு"ன்னு யாரும் சொல்றதும் இல்ல. சொல்றவன் பாட்டுக்குச் சொல்லிட்டே இருப்பான். அதனால ஏ-வுக்கு பி தெரியும், பி-க்கு ஏ தெரியாதுங்கிற நிலைமை சாதாரணமா வரும்.

ரெண்டாவதுதான் முக்கியம். ஸ்கூல்ல கிளாஸ் நடக்கும்போது பக்கத்துல இருக்கறவனுக்குத் துண்டுச் சீட்டு கொடுப்போம்ல? எல்எல்டிபி ஃப்ரேம் அந்த மாதிரி, ஆனா ஒரு கண்டிஷனோட. வாங்கினவன் அதை அடுத்தவன்கிட்ட கொடுக்கக் கூடாது. அந்த ஃப்ரேம் போற முகவரி 01-80-சி2-00-00-0ஈ. இந்த வரிசை முகவரிக்கு வர்ற எதையும் ஒழுங்கான ஸ்விட்ச் இன்னொரு போர்ட் வழியா வெளிய அனுப்பாதுன்னு ஸ்டாண்டர்ட்லயே விதி. அந்த விதி இருக்கிறதாலதான் "இந்தச் சீட்டு என் கைக்கு வந்துச்சுன்னா, கொடுத்தவன் என் பக்கத்துலதான் இருக்கான்"னு நம்மால சொல்ல முடியுது.

அப்போ என்ன தப்பு நடக்க முடியும்? ரெண்டே வகை. நம்ம கைக்கு வர வேண்டிய சீட்டை நடுவுல யாரோ விழுங்கிட்டான். இல்லன்னா கொடுக்கக் கூடாதவன் அடுத்தவனுக்குக் கடத்திட்டான். நெய்பர் டிஸ்கவரி பிரச்சினைன்னு வர்ற பெரும்பாலான கதையை இந்த ரெண்டுல ஒரு பெட்டியில போட்டுடலாம். முதல் வகையில டேபிள் காலியா இருக்கும். ரெண்டாவது வகையில டேபிள் நிறைஞ்சு இருக்கும், ஆனா பொய் சொல்லும். காலி டேபிளைப் பார்த்து எல்லாரும் பதறுவாங்க. பொய் டேபிளைப் பார்த்து யாரும் பதற மாட்டாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் ஆபத்து. அதுக்கு வர்றேன்.

முதல்ல காலி டேபிள். லிங்க் பச்சையா எரியுது, பிங் போகுது, ஆனா ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ் போட்டா ஒண்ணும் இல்ல. இந்த இடத்துல நிறைய பேர் விலான் கான்ஃபிகரேஷனைப் போய் நோண்டுவாங்க. டிரங்க்ல எந்த விலான் அலவ் ஆகியிருக்கு, ஐபி சரியா, ஸ்பேனிங் ட்ரீ போர்ட்டை பிளாக் பண்ணியிருக்கான்னு. அரை நாள் போயிடும். எல்எல்டிபி ஃப்ரேம் எந்த விலான் டேகும் இல்லாம போகுது. ஐபி முகவரியே வேண்டாம். ஸ்பேனிங் ட்ரீ பிளாக் பண்ண போர்ட்லயும் போகும், வரும். அதனால அந்த மூணையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

பார்க்க வேண்டியது, அது ஆன்ல இருக்கா. சப்புனு இருக்கா? ஆனா பெரும்பாலும் இதுதான். சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்ல வழக்கமா சிடிபி ஆன்ல இருக்கும், எல்எல்டிபி ஆஃப்ல இருக்கும். எல்எல்டிபி ரன்-னு ஒரு வரி போடணும். நெக்ஸஸ்ல ஃபீச்சர் எல்எல்டிபி. அரிஸ்டால தானாவே ஆன்ல இருக்கும். ஜூனிப்பர் ஈஎக்ஸ்ல ஃபேக்டரி கான்ஃபிகரேஷன்லயே இருக்கும். இப்ப ஒரு பக்கம் அரிஸ்டா, ஒரு பக்கம் கேட்டலிஸ்ட்னு வெச்சுக்கோங்க. அரிஸ்டா எல்எல்டிபில கத்திட்டு இருக்கு, கேட்டலிஸ்ட் அதைக் காதுல வாங்கல. கேட்டலிஸ்ட் சிடிபில கத்துது, அதை அரிஸ்டா தன்னோட எல்எல்டிபி டேபிள்ல சேர்க்காது. ரெண்டு பக்கமும் காலி. ரெண்டும் நல்ல ஸ்விட்ச்தான், பாஷைதான் வேற.

ஆன்ல இருந்தும் வரலையா? ஒவ்வொரு போர்ட்லயும் அனுப்பறதையும் வாங்கறதையும் தனித்தனியா அணைக்கலாம். செக்யூரிட்டி டீம் அணைச்சிருக்க வாய்ப்பு நிறைய. அவங்க சும்மா அணைக்கல. 2020 பிப்ரவரில ஆர்மிஸ்-ங்கிற செக்யூரிட்டி நிறுவனம் சிஸ்கோ சாதனங்களோட சிடிபில அஞ்சு ஓட்டைகள் இருக்குன்னு வெளியிட்டாங்க, சிடிபிவ்ன்-னு பேர். அதுவும் போக, இந்த ஃப்ரேம்ல பெட்டியோட மாடல், சாஃப்ட்வேர் வெர்ஷன், மேனேஜ்மென்ட் ஐபி எல்லாம் மறைக்காம போகும். ரிசப்ஷன்ல இருக்கிற சுவர் சாக்கெட்ல எவனாவது லேப்டாப்பைச் சொருகினா எல்லாம் தெரிஞ்சிடும். அதனால யூசர் போர்ட்ல அணைக்கிறது நியாயம்தான். ஆனா கண்ணை மூடிட்டு எல்லாத்துலயும் அணைச்சா வேற வலி வரும். மேசை மேல இருக்கிற ஐபி போன் "நான் எந்த வாய்ஸ் விலான்ல இருக்கணும்"னு பல இடத்துல இதே புரோட்டோகால்லதான் தெரிஞ்சுக்குது. வைஃபை ஆக்சஸ் பாயின்ட் சிலது "எனக்கு இன்னும் கொஞ்சம் பவர் வேணும்"னு கேக்கறதும் இதுலதான். அணைச்சா அது 15.4 வாட்டோட அரைப் பட்டினில ஓடும். "வைஃபை ஸ்லோவா இருக்கு"ன்னு டிக்கெட் வரும், யாரும் இங்க வந்து பார்க்க மாட்டாங்க.

அடுத்தது ஒரு பக்கம் மட்டும் தெரியற கதை. காப்பர் கேபிளா இருந்தா கான்ஃபிகரேஷன்ல சந்தேகப்படுங்க. ஃபைபரா இருந்தா கண்ணாடி மேல சந்தேகப்படுங்க. ஃபைபர்ல பொதுவா போக ஒரு இழை, வர ஒரு இழை. ஆட்டோ நெகோஷியேஷன் அணைச்சு வெச்ச லிங்க்ல ஒரு இழை மட்டும் போச்சுன்னா, ஒரு முனை பச்சையாவே எரியும். அது கேக்குது, ஆனா அது பேசறது யாருக்கும் கேக்கல. ஸ்பேனிங் ட்ரீக்கு இது விஷம். பிளாக் ஆகி இருக்க வேண்டிய போர்ட் "எதிர்ல யாரும் இல்ல போல"ன்னு திறந்துக்கும், லூப் ஆயிடும். இதைப் பிடிக்கத்தான் சிஸ்கோல யுடிஎல்டி-ன்னு தனியா ஒண்ணு இருக்கு. நெய்பர் டேபிள்ல ஒரு பக்கம் மட்டும் காலியா இருக்கறது அதோட முதல் அறிகுறியா இருக்கலாம்.

இதுக்கு மேலயும் புரியலன்னா கான்ஃபிகரேஷன் படிக்கறதை நிறுத்திட்டு கம்பியைப் பாருங்க. ஸ்விட்ச்ல ஷோ எல்எல்டிபி டிராஃபிக் போட்டா எத்தனை ஃப்ரேம் வெளிய போச்சு, எத்தனை உள்ள வந்துச்சு, எத்தனையைத் தூக்கிப் போட்டுச்சுன்னு எண்ணிக்கை வரும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க, எந்த எண் ஏறுது, எது ஏறலன்னு பாருங்க. லினக்ஸ் சர்வர் பக்கம்னா டிசிபிடம்ப்ல ஈதர் டைப் 88சிசி-ன்னு ஃபில்டர் போட்டு உக்காருங்க. 30 நொடிக்கு ஒரு தடவைதான் வரும், அஞ்சு நொடில "வரல"ன்னு மூடிடாதீங்க. எங்க ஸ்கிரிப்டை டெஸ்ட் பண்ண வந்த ஒரு ஜூனியர் பையன் இப்படித்தான் நாலு தடவை மூடிட்டான். டீ போட்டுட்டு வந்து பாருடான்னு சொன்னோம்.

இப்ப சர்வர் பக்கம் இருக்கிற ஒரு அருமையான புதிர். ஸ்விட்ச் ஃப்ரேம் அனுப்புது, எண்ணிக்கை ஏறுது. சர்வர்ல எல்எல்டிபிடி டீமன் ஓடுது. டிசிபிடம்ப்ல ஸ்விட்சோட ஃப்ரேம் ஒண்ணு கூட வரல. நடுவுல ஒரே ஒரு பேட்ச் கேபிள். எங்க போச்சு?

நெட்வொர்க் கார்டு விழுங்கிடுச்சு. இன்டெல்லோட எக்ஸ்710 குடும்பத்து கார்டுகள்ல கார்டோட ஃபர்ம்வேருக்குள்ளயே ஒரு எல்எல்டிபி ஏஜென்ட் இருக்கு. ஸ்டோரேஜ் டிராஃபிக்குக்கு முன்னுரிமை பேசறதுக்காக வெச்சது. அது சீட்டைத் தானே வாங்கிப் படிச்சுட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொடுக்கவே கொடுக்காது. கெர்னல் வரைக்கும் வராததை டிசிபிடம்ப் எப்படிப் பார்க்கும்? ஈத்டூல்ல பிரைவேட் ஃபிளாக்னு ஒண்ணு இருக்கு, டிசேபிள்-எஃப்டபிள்யூ-எல்எல்டிபி. அதை ஆன் பண்ணா அடுத்த 30 நொடில டேபிள் நிறைஞ்சிடும். இதைக் கண்டுபிடிக்க முடியாம ஸ்விட்சையே மாத்தின ஆட்கள் இருப்பாங்கன்னு நினைக்கிறேன், பாவம்.

வீட்ல ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி-ன்னு லேப் போட்டுப் படிக்கிற பசங்களுக்கு இதே மாதிரி ஒண்ணு. ரெண்டு வர்ச்சுவல் ஸ்விட்சை லினக்ஸ் பிரிட்ஜ் வழியா இணைச்சா பிங் போகும், எல்எல்டிபி வராது. இங்க யாரும் தப்புப் பண்ணல. லினக்ஸ் பிரிட்ஜும் ஒரு ஸ்விட்ச்தான், "அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது"ங்கிற விதியை ஒழுங்கா மதிக்குது. நமக்குத்தான் அது கம்பி மாதிரி நடிக்கணும். குரூப்_எஃப்டபிள்யூடி_மாஸ்க்-ல 16384-ன்னு எழுதினா இந்த ஒரு முகவரிக்கு மட்டும் விதியைத் தளர்த்தும். விஎம்வேர்லயும் கவனம். ஸ்டாண்டர்ட் வி-ஸ்விட்சுக்கு சிடிபி மட்டும்தான் தெரியும், அதுவும் வழக்கமா கேட்டுட்டு மட்டும் இருக்கும், பேசாது. அது தெரியலன்னு ஸ்விட்ச்ல தேடிப் பிரயோஜனமில்ல.

சரி, இப்ப ரெண்டாவது வகை. பொய் சொல்ற டேபிள்.

எல்எல்டிபிக்கு முகவரி ஒதுக்கப்பட்ட வரிசைல இருக்குன்னு சொன்னேன்ல? சிடிபியோட முகவரி அந்த வரிசைல இல்ல. சிஸ்கோ தனக்குன்னு எடுத்துக்கிட்ட மல்டிகாஸ்ட் முகவரி அது. இன்னொரு சிஸ்கோ பெட்டிக்கு அது தெரியும், வாங்கி வெச்சுக்கும். வேற கம்பெனி ஸ்விட்சுக்கோ, 1,000 ரூபாய்க்கு வாங்கற 8 போர்ட் பெட்டிக்கோ அது ஏதோ ஒரு மல்டிகாஸ்ட். எல்லாப் போர்ட்லயும் தள்ளி விட்டுடும். அப்ப அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சிஸ்கோ, அந்தப் பக்கம் ஒரு சிஸ்கோ இருந்தா, ரெண்டும் "நாம நேரா ஒட்டிட்டு இருக்கோம்"னு நம்பும். நடுவுல இருக்கிற பெட்டி யார் கண்ணுக்கும் தெரியாது. எல்எல்டிபிக்கு விதி இருந்தாலும், மலிவான பெட்டிகள்ல சிலது அதையும் கடத்திடும்.

என் ரூம்மேட் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் வேலை எடுத்துப் பண்ணான். பேர் வேண்டாம். பழைய ஃப்ளோர் ஸ்விட்ச் ஒண்ணை எடுத்துட்டு புதுசு வைக்கணும். அதுல இருந்த கம்ப்யூட்டரை எல்லாம் புதுசுக்கு மாத்தியாச்சு. மிச்சம் ஒரே வேலை: கோர் ஸ்விட்ச்ல பழையதோட அப்லிங்க் போர்ட்டை ஷட் பண்ணி, கேபிளைக் கழட்டணும். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு அனுமதி. சிடிபி டேபிள் தெளிவாச் சொல்லுது, கோரோட 11-ம் போர்ட்ல பழைய ஸ்விட்ச். பழைய ஸ்விட்ச்ல பார்த்தா அதுவும் சொல்லுது, எதிர்ல கோரோட 11-ம் போர்ட். ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுது. ஷட் பண்ண வேண்டியதுதானே?

அவன் ஒரு பழக்கம் வெச்சிருக்கான். எந்தப் போர்ட்டை ஷட் பண்றதுக்கு முன்னாடியும் அந்தப் போர்ட்ல எத்தனை மேக் அட்ரஸ் கத்துக்கிட்டிருக்குன்னு பார்ப்பான். பழைய ஸ்விட்ச் காலி. அப்ப 11-ம் போர்ட்ல அந்த ஸ்விட்சோட சொந்த முகவரி மட்டும், ஒண்ணு ரெண்டு இருக்கலாம். ஆனா ஏழு இருந்துச்சு. அந்த ஏழுல அஞ்சு, பழைய ஸ்விட்சோட மேக் டேபிள்ல அதோட எந்த யூசர் போர்ட்லயும் இல்ல. அப்லிங்க் பக்கத்துல இருந்து வந்ததாத்தான் அதுவும் காட்டுது. கோர் சொல்லுது "அது அந்தப் பக்கம்", பழசு சொல்லுது "அது இந்தப் பக்கம்". அப்போ அந்த அஞ்சு பேரும் நடுவுலதான் இருக்கணும்.

டார்ச் எடுத்துட்டு கேபிள் பின்னாடியே போனான். கீழ் தளம், மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னாடி, மருந்து அட்டைப்பெட்டிக்கு நடுவுல தூசி படிஞ்ச ஒரு 8 போர்ட் பெட்டி. நம்ம ஊர்ல இதை இன்னமும் ஹப்புன்னுதான் சொல்றோம், ஹப் வழக்கொழிஞ்சு எவ்வளவோ வருஷம் ஆச்சு. யாரோ எப்பவோ மேல போற அப்லிங்க்கை அறுத்து, நடுவுல இதைப் போட்டு, கவுன்டருக்கு லைன் எடுத்திருக்காங்க. பில்லிங் மெஷின் ரெண்டு, பிரின்டர் ரெண்டு, கார்டு ஸ்வைப் பண்ற மெஷின் ஒண்ணு.

நைட் ட்யூட்டில இருந்த அக்கா எழுந்து வந்து, "தம்பி, அதை மட்டும் தொடாதீங்க. போன தடவை யாரோ தொட்டு, ஒரு மணி நேரம் கையால பில் எழுதினோம். எமர்ஜென்சிக்கு மருந்து வாங்க வந்தவங்க எல்லாம் கத்திட்டாங்க"ன்னாங்களாம். அவன் பெட்டியைத் தொடல. அந்த அக்காகிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சுட்டு, பெட்டியில இருந்து பழைய ஸ்விட்சுக்கு மேல போற கேபிளை மட்டும் கழட்டிட்டு வந்துட்டான். கவுன்டருக்குத் தனி லைன் இழுக்கறதுக்கு ஆஸ்பத்திரி அட்மின்கிட்ட திங்கக்கிழமை எழுதிக் கொடுத்தான்.

இந்தக் கதை கேட்டதும் எனக்கு எங்க ஸ்கிரிப்ட்தான் ஞாபகம் வந்துச்சு. அப்ப அதுல புதுசா ஒரு ஃபீச்சர் பேசிட்டு இருந்தோம். ஒரு சாதனத்தை ரிட்டயர்னு குறிச்சா, நெய்பர் டேபிளைப் பார்த்து எதிர்முனைப் போர்ட்டை அதுவே ஷட் பண்ணணும். "ரெண்டு பக்கமும் ஒத்துப்போனா மட்டும் பண்ணு"ன்னு கண்டிஷன் வெச்சா போதும்னு பேச்சு. மருந்துக் கடைல ரெண்டு பக்கமும் அழகா ஒத்துப்போச்சே! கடத்தறவன் ரெண்டு பக்கமும்தான் கடத்துவான். அதனால இப்ப ஸ்கிரிப்ட் மூணு விஷயம் பார்க்குது. ஒரே போர்ட்ல ரெண்டு நெய்பர் இருந்தா நடுவுல ஏதோ பெட்டி இருக்குன்னு எடுத்துக்கும். ரெண்டு முனையோட மேக் டேபிளையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கமும் சேராத முகவரி இருக்கான்னு தேடும். நேட்டிவ் விலான் மிஸ்மேட்ச்னு லாக் வந்திருந்தா அதையும் எடுத்து வைக்கும், ஏன்னா நேரா ஒட்டாத ரெண்டு ஸ்விட்ச் சிடிபில பேசிக்கும்போது அந்தப் புலம்பல் வர வாய்ப்பு உண்டு. மூணுல ஒண்ணு இடிச்சாலும் போர்ட்டைத் தொடாது, மனுஷனைக் கூப்பிடும்.

மேக் டேபிளும் முழு சாட்சி இல்ல. ராத்திரி அணைச்சு வெச்ச கம்ப்யூட்டர் பேசாது, வழக்கமா 5 நிமிஷத்துல அதோட முகவரி டேபிள்ல இருந்து போயிடும். அதனால நாங்க பகல் நேரக் கணக்கையும் சேர்த்து வைக்கறோம்.

இன்னும் உறுதியாத் தெரியணும்னா ஒரு டெஸ்ட் இருக்கு, மெயின்டனன்ஸ் நேரத்துல மட்டும் பண்ணுங்க. எதிர்முனை ஸ்விட்ச்ல அந்தப் போர்ட்டை ஷட் பண்ணுங்க. நேரா ஒரே கேபிள்னா நம்ம பக்கமும் லைட் அணையணும். அணையலன்னா நடுவுல கரன்ட்ல ஓடற ஏதோ ஒண்ணு இருக்கு. ஸ்விட்சா இருக்கலாம், ஃபைபர் மீடியா கன்வெர்ட்டரா இருக்கலாம். அப்ப டேபிளைப் பாருங்க, செத்த நெய்பர் பேர் இன்னும் நிக்கும். எல்எல்டிபினா 120 நொடி வரைக்கும், சிடிபினா 180 நொடி வரைக்கும். கேபிளை மாத்திட்டு உடனே டேபிள் பார்த்து "மாறலையே"ன்னு குழம்பறவங்களுக்கும் இதுதான் பதில்.

மெயில் அனுப்பின நண்பருக்கு: உங்க ஆபீஸ் கேபிளுக்கு இதை முயற்சி பண்ணிப் பாருங்க. முதல்ல ரெண்டு பக்கமும் எல்எல்டிபி ஆன்ல இருக்கான்னு பாருங்க, அப்புறம் மேக் டேபிள். பேருக்குப் பதிலா வெறும் மேக் அட்ரஸ் மட்டும் வந்தா பயப்படாதீங்க. சாதனத்தோட ஐடி, போர்ட் ஐடி, ஞாபக நேரம், இந்த மூணு தகவல்தான் கட்டாயம், பேர் விருப்பம்தான். என்ன கிடைச்சுச்சுன்னு எழுதுங்க, குறிப்பா அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி ஏதாவது கிடைச்சா போட்டோவோட அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல என் ரூம்மேட்டையே மைக் முன்னாடி உக்கார வைக்கப் போறேன், ஸ்பேனிங் ட்ரீ பத்திப் பேசறான். அவன் ஒத்துக்கிட்டது பிரியாணிக்காக. பை, பார்க்கலாம்.